என் அம்மாவால் இதைப் படிக்க முடியாது

ஒரு நாளைக்கு இருபத்தைந்து அட்டைகள் வீதம் நாற்பது நாட்களில் ஆயிரம் அட்டைகளை எழுதி முடித்தேன். முன்பக்கம் நீல மையில் ஆங்கிலச் சொல். பின்பக்கம் கறுப்பு மையில் அதன் பொருள், அதுவும் ஆங்கிலத்தில். மகள் அமெரிக்காவில் கல்லூரியில் சேர்வதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. பயிற்சி வகுப்பில் கடினமான சொற்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, அட்டைகளில் எழுதிவைத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு எழுத நேரமில்லை. என் கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதனால் அந்த வேலை எனக்கு வந்தது.

நாங்கள் பஹ்ரைனுக்கு வந்து பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. இதுவரை மூன்று வீடுகள் மாறியிருக்கிறோம். மூன்றுமே குதைபியாவில் அடுத்தடுத்த தெருக்களில்தான். கணவருக்குக் கடலுக்கு அந்தப் பக்கம், சவூதியில், ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை. ஞாயிறு விடிகாலை காஸ்வே பாலம் வழியாகப் போனால் வியாழன் மாலைதான் திரும்புவார். நடுவில் வீட்டில் நானும் மகளும் மட்டும். பள்ளிச் சுற்றறிக்கைகள், வாடகை ஒப்பந்தம், சி.பி.ஆர் அடையாள அட்டையைப் புதுப்பிப்பது, மின்சாரப் புகார், எல்லாம் என் பொறுப்பு. எல்லாமே ஆங்கிலத்தில்தான் இருக்கும். படித்து, நிரப்பி, கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். முழுவதும் படிக்காமல் எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

பேசுவதுதான் வராது. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் தமிழ்வழிப் பள்ளியில் படித்து, கல்லூரியில் கணிதம் எடுத்தவள் நான். எழுதிக் காட்டச் சொன்னால் எழுதிவிடுவேன். வாயைத் திறந்தால் சொற்கள் இடம் மாறி நிற்கும். மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியையிடம் ஏதோ கேட்டேன். பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள், "அடுத்த தடவை அப்பா பேசட்டும்மா. நீ சும்மா கூட வா" என்றாள். அதற்குப் பிறகு எல்லாக் கூட்டங்களுக்கும் சும்மா கூடப் போனேன்.

எனக்கு டைரி எழுதும் பழக்கம் உண்டு. ஊருக்குப் பெட்டி அனுப்பும் கார்கோ கம்பெனி ஒவ்வொரு வருடக் கடைசியிலும் ஒன்று இலவசமாகத் தரும். தினமும் அரைப் பக்கம். தண்ணீர் கேன் வந்த நேரம், ஏ.சி. ஃபில்டர் கழுவிய நாள், மகளுக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரி என்பது மாதிரியான விஷயங்கள். அந்த வருடம் மிச்ச அரைப் பக்கத்துக்கும் வேலை வந்தது. காலையில் ஆறு இருபதுக்குப் பள்ளி வண்டி போய், சமையல் முடிந்து ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் பதினொன்றுக்குள் இருபத்தைந்து அட்டைகள் முடியும். எழுதி முடித்ததும் அந்தச் சொற்களை டைரியில் வரிசையாக இறக்கி, எதிரே தமிழில் பொருள் எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. அர்த்தம் தெரியாத ஒன்றை எழுதிக்கொண்டே போவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் வாரம் கடமையாக இருந்தது. இரண்டாம் வாரம் பதினொரு மணி தாண்டியும் எழுந்திருக்க மனம் வரவில்லை. ஒரு மனிதனின் குணத்தில் இத்தனை மூலைமுடுக்குகள் இருக்கின்றன என்பதும், ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. அதிகாரியின் முன் வளைந்து குழைந்து நிற்பவனுக்கு ஒரு சொல்: ஆப்ஸீக்வியஸ். கணவரின் போர்மேன் என்று டைரியில் பக்கத்திலேயே குறித்துக்கொண்டேன். வாய் ஓயாமல் பேசுபவருக்குக் கேரலஸ். பேசவே விரும்பாமல் இறுக்கமாக இருப்பவருக்கு டாசிடர்ன். தன் தெருவுக்கு அப்பால் எதையும் பார்க்கத் தெரியாதவருக்குப் பரோகியல். மனசுக்குள் ஒப்புதல் இல்லாமலே வாயை மூடிக்கொண்டு சரி என்பதற்கு அக்வியெஸ். இந்தக் கடைசிச் சொல்லுக்குத் தமிழில் ஒற்றைச் சொல் கிடைக்காமல் இரண்டு நாட்கள் அலைந்தேன். கிடைக்கவில்லை. நீளமாகவே எழுதிவைத்தேன்.

நான் சொற்களைக் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று மகளிடம் சொல்லவில்லை. இது என் தவறு, எழுதிவிடுகிறேன். தேர்வு முடிந்தபின் ஒரு நாள் பேச்சுவாக்கில் அவற்றில் ஒன்றைப் போட்டு அவளைத் திகைக்க வைக்க வேண்டும் என்று ஒரு சின்னப்பிள்ளை ஆசை இருந்தது.

மூன்றேகாலுக்கு அவள் வருவாள். சாப்பிட்டுவிட்டு நான்கு மணிக்குச் சமையலறை மேசையில் உட்காருவோம். நான் அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும், அவள் பொருள் சொல்ல வேண்டும். சரியென்றால் வலது பக்கம், தப்பென்றால் இடது பக்கம். முதல் இரண்டு நாட்கள் சொல்லை நான் வாய்விட்டுப் படித்தேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் மூன்றாம் நாள், "மா, ப்ளீஸ், நீ சொல்லாத. நீ சொன்னா எனக்கு அப்படியே மைண்டுல நின்னுடுது. காட்டு, போதும்" என்றாள்.

அப்புறம் நான் காட்டினேன். பேசவில்லை.

அந்த நான்கு மணி வேளைகள் சந்தோஷமானவை என்பதையும் எழுதியாக வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் எங்கள் கட்டடத்திலிருந்து ஆள் பிடிப்பாள். ஞாபகம் வைத்துக்கொள்ள அது அவளுடைய வழி. கேரலஸ் என்றால் இரண்டாம் மாடி ஆன்ட்டி. லிஃப்டைப் பழுதுபார்க்காமல் மூன்று மாதமாக நாளைக்கு நாளைக்கு என்கிற வாட்ச்மேனுக்கு ஒரு சொல். கீழே இருக்கும் கோல்டு ஸ்டோர் என்கிற மளிகைக் கடையில் ஒரு ரஸ்க் பாக்கெட்டை எடுக்கவே எழுந்திருக்காத அண்ணனுக்கு ஒரு சொல். அப்பாவுக்கு மட்டும் நான்கு சொற்கள் வைத்திருந்தாள். வியாழக்கிழமை அவர் வந்ததும் அத்தனையையும் அடுக்கினாள். அவர், "என்னவோ பாப்பா, திட்டுறியா பாராட்டுறியான்னு மட்டும் சொல்லிடு" என்றார்.

ஒரு நாள் கேட்டேன். "நான் எந்த வார்த்தை?"

அவள் யோசிக்கவே இல்லை. "நீ மெட்டிகுலஸ் மா. டைரி, அட்டை, எல்லாம் லைன்ல வைக்கிறது. பயங்கர மெட்டிகுலஸ்."

சின்ன விஷயத்திலும் துல்லியம் தவறாதவர். அது இருநூறு சொச்சம் எண்ணுள்ள அட்டை. எனக்குத் தெரிந்த சொல். தெரியாததுபோல், "அப்படின்னா?" என்று கேட்டேன். "நல்ல வார்த்தைதான், விடு" என்று அடுத்த அட்டைக்குக் கைநீட்டினாள். அன்றைய டைரியில் அதைக் கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தது. அடுத்து விண்ணப்பம். அங்கேதான் எங்களுக்குப் புரியாத ஒரு ஏற்பாடு இருந்தது. மதிப்பெண் மட்டும் போதாதாம். மாணவர் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். அந்தக் கட்டுரையைச் செம்மைப்படுத்திக் கொடுக்க அட்லியாவில் ஓர் ஆலோசகர் அலுவலகம் வைத்திருந்தார். டெல்லிப் பக்கத்துப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். அவர் மகளிடம் முதல் சந்திப்பிலேயே கேட்ட கேள்வி, வாழ்க்கையில் எந்தத் தடையைத் தாண்டி வந்தாய் என்பது. தடை இல்லாத கட்டுரையை அங்கே யாரும் படிக்க மாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

அந்த வாரம் முழுக்க மகள் எரிச்சலோடு திரிந்தாள். கூடப் படிக்கும் ஒருத்திக்குச் சின்ன வயதில் இதய அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதாம். இன்னொருவன் சண்டை நடக்கும் நாட்டிலிருந்து தப்பி வந்த குடும்பமாம். "எனக்கு மட்டும் ஒண்ணுமே நடக்கலம்மா" என்றாள், நாங்கள் ஏதோ வாங்கித் தர மறந்துவிட்டதுபோல். வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் அவள் அப்பா, "கஷ்டம்தான வேணும்? அரியர்ஸோட வாங்கித் தரேன். ஊர்ல பெரியப்பா வீட்டுல ஒரு மாசம் போய் இருந்துட்டு வா" என்றார். நாங்கள் மூவரும் சிரித்தோம். எங்கள் இருபது வருடமும் அவள் வழியில் ஒரு கல்லும் கிடக்கக் கூடாது என்று பொறுக்கிக்கொண்டே போனதில்தான் கழிந்தது. அது அவளுடைய விண்ணப்பத்தில் ஒரு குறையாக வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை பள்ளியிலிருந்து அவள் வாட்ஸ்ஆப்பில் ஒரு கோப்பு அனுப்பினாள். எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து வை, புதன்கிழமை அந்த அலுவலகத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும் என்று குறிப்பு. தெருமுனையில் கீழக்கரைக்காரர் ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். போய்க் கொடுத்தேன். பதினொரு பக்கங்கள். பக்கங்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று கடை முன்னாலேயே நின்று ஒவ்வொன்றாகப் புரட்டுவது என் வழக்கம். முதல் ஐந்து பக்கங்கள் படிவம். ஆறாம் பக்கம் கட்டுரை.

முதல் வரி, எங்கள் வீட்டில் பேசப்படும் மொழி மௌனம் என்றிருந்தது. நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். இரண்டாம் வரி என்னைப் பற்றியது. என் அம்மா டாசிடர்ன் என்று தொடங்கியது.

அவளுடைய உலகம் பரோகியல். அதற்கு மூன்று எல்லைகள்: சமையலறை, கோல்டு ஸ்டோர், கோயில். எதைச் சொன்னாலும் அக்வியெஸ் செய்வதே அவளுக்குக் கற்பிக்கப்பட்டது. என் பள்ளியில் அவள் ஒருமுறைகூடப் பேசியதில்லை. நான் சுட்டிக்காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவாள். ஆயிரம் ஆங்கிலச் சொற்களை நான் தனியாகவே கற்றேன். எதிரில் என் அம்மா, தனக்கு அர்த்தம் தெரியாத அட்டைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளைப்போல் ஆகிவிடக் கூடாது என்ற பயம்தான் என்னை இதுவரை ஓட்டி வந்தது. இப்படி ஒன்றரைப் பக்கம். கடைசி வரி தனியாக, கீழே: இந்தக் கட்டுரையை என் அம்மாவால் படிக்க முடியாது.

கடைக்காரர், "என்ன தங்கச்சி, பக்கம் ஏதும் மிஸ்ஸாவுதா?" என்றார். இல்லை, சரியாக இருக்கிறது என்றேன். அப்போது மணி நான்கு பத்து.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். அன்று சிறப்பு வகுப்பு முடிந்து தாமதமாக வந்தவள் கேட்டாள், பிரதி எடுத்தாச்சா என்று. உறையில் போட்டு மேசைமேல் வைத்திருந்ததைக் காட்டினேன். அவள் உறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு எது அதிகம் வலித்தது என்று அன்றிலிருந்து பலமுறை வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேன். எழுதியது இல்லை. கோபத்தில் பிள்ளைகள் இதைவிட மோசமாக எழுதுவார்கள். அவள் கோபத்தில் எழுதவில்லை. நிதானமாக, சொல் தேர்ந்து எழுதியிருந்தாள். மூன்று சொற்களையும் சரியான பொருளில், சரியான இடத்தில் போட்டிருந்தாள். அட்டையாக இருந்திருந்தால் மூன்றையும் வலது பக்கம் வைத்திருப்பேன். வலித்தது என்னவென்றால், அதை என்னிடமே அனுப்பி நகலெடுக்கச் சொன்னாள். மறைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. கடைசி வரியை அவள் நாடகத்துக்காக எழுதவில்லை. நிஜமாகவே நம்பினாள்.

செவ்வாய்க்கிழமை கணவரிடம் போனில் சொல்ல நினைத்தேன். அவர் ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலையில் இருந்தார், பின்னால் இரைச்சல். "பாப்பா வேலையெல்லாம் முடிஞ்சுதா? எங்க கையெழுத்துப் போடணுமோ போட்டுடு, நான் வர வியாழன் ஆயிடும்" என்றார். சரி என்றேன். படிவத்தை முழுதாக எடுத்துப் படித்தேன். பெற்றோர் உறுதிமொழி என்று ஒரு பக்கம் இருந்தது. அதில் நான்கு பிரிவுகள். மூன்றாவது பிரிவில், விண்ணப்பத்தில் கூறப்பட்டவை அனைத்தும் எனக்குத் தெரிந்தவரை உண்மை என்று நான் சான்று அளிக்க வேண்டும்.

கையெழுத்துப் போடவில்லை என்றால் விண்ணப்பம் போகாது. போட்டால், எனக்குப் படிக்கத் தெரியாது என்பதைப் படித்துப் பார்த்து உண்மைதான் என்று நானே எழுதிக் கொடுத்ததாக ஆகும். இரவு படுக்கும்வரை இதையே கூட்டிக் கழித்தேன். மகளைக் கூப்பிட்டுப் படித்துவிட்டேன் என்று சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை. அவளாக என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். அப்படிக் காத்திருப்பது நியாயமில்லை என்றும் தெரிந்திருந்தது.

புதன்கிழமை ஐந்து மணிக்கு டாக்ஸியில் அட்லியா போனோம். அலுவலகம் சின்னது, நல்ல ஏ.சி., சுவரில் கல்லூரிக் கொடிகள். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்ததும் எழுந்து, இரண்டு கைகளையும் கூப்பி, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, "நமஸ்தே, ஆன்ட்டி. ஆப் பைட்டியே" என்று இந்தியில் உட்காரச் சொன்னார். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராகக்கூட இருப்பார். கட்டுரை நாயகியை நேரில் பார்க்கிற பரிவு அவர் முகத்தில் இருந்தது. என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

பிறகு மகளிடம் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார். கட்டுரை அபாரம் என்றார். அம்மாவைப் பற்றிய பகுதிதான் தங்கம், அதில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாதே என்றார். அப்புறம் குரலைக் குறைக்காமலேயே, இவருக்கு இதெல்லாம் புரியுமா என்று கேட்டார்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. "நாட் ரியலி" என்றாள்.

அந்த இரண்டு சொற்களுக்கு முன் அரை நொடி இருந்தது. அந்த அரை நொடியில் அவள் வேறு பதில் சொல்லியிருக்கலாம். நானும் வாயைத் திறந்திருக்கலாம். என்னிடம் ஆயிரம் சொற்கள் இருந்தன.

பெண்மணி உறுதிமொழிப் பக்கத்தை என் முன் வைத்து, பேனாவைத் திறந்து கையில் கொடுத்து, கோட்டின்மேல் விரலை வைத்தார். "இதர், ஆன்ட்டி. சைன்."

நான் பேனாவை மேசையில் வைத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். முதல் பிரிவிலிருந்து படித்தேன். முந்தைய நாளே படித்ததுதான். மறுபடியும், வரிக்கு அடியில் விரலை நகர்த்திக்கொண்டே, நிதானமாகப் படித்தேன். சும்மா கையெழுத்துப் போட்டால் போதும் என்று அந்தப் பெண்மணி இந்தியில் சொன்னார். நான் இரண்டாம் பிரிவுக்குப் போனேன். மூன்றாம் பிரிவுக்கு வந்ததும் பக்கத்தைத் திருப்பி, ஆறாம் பக்கத்தை எடுத்து, கட்டுரையை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். ஒன்றரைப் பக்கம். கடைசி வரியில் விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் மகள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அப்புறம் மறுபடியும் உறுதிமொழிக்கு வந்து நான்காம் பிரிவையும் முடித்து, பேனாவை எடுத்து, கையெழுத்துப் போட்டேன். நாளும் இட்டேன்.

அந்தப் பெண்மணி தாளை இழுத்துக்கொண்டார்.

திரும்பி வரும் டாக்ஸியில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில்தான் பேசினாள்.

"நீ முன்னாடியே படிச்சிருந்தியா?"

"படிச்சேன்."

"எப்ப?"

"திங்கக்கிழமை. நாலு பத்துக்கு."

"ஏன் சொல்லல?"

டாசிடர்ன் என்று அவளே எழுதியிருக்கிறாளே என்று தோன்றியது. சொல்லவில்லை.

"மா, அது நீ இல்லம்மா. அது எஸ்ஸேக்கு ஒரு கேரக்டர். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. அந்த மேடம்தான்..."

"கேரக்டர் வந்து கையெழுத்துப் போடாதுடி. நான் போட்டேன்."

அவள் அழுதாள். அழுகை நிஜம். ஓட்டுநர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார். மாற்றி எழுதிவிடுகிறேன் என்று மூன்று தடவை சொன்னாள். சனிக்கிழமைவரை நேரம் இருக்கிறது என்றாள். உன் இஷ்டம் என்றேன். நியாயமாக நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. எது உண்மையோ அதை எழுது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடத்தில் அவள் அழுவதே எனக்குப் போதுமானதாக இருந்தது. அதில் ஒரு கெட்ட திருப்தியும் இருந்தது. அதை இன்றைக்கும் நான் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, அவள் அப்பா தூங்கிக்கொண்டிருக்கும்போது, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. "மா, படிச்சுப் பாரு. முழுசா மாத்திட்டேன்" என்றாள். தோசைக்கல்லை இறக்கிவைத்துவிட்டுப் படித்தேன்.

முதல் பக்கம் அப்படியே இருந்தது. மௌனம், மூன்று எல்லைகள், பள்ளியில் பேசாத அம்மா. மாறியது இரண்டாம் பாதி. அதில் மகள் தினமும் நான்கு மணிக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்து அம்மாவுக்குச் சொற்களைக் கற்றுக்கொடுக்கிறாள். அட்டைகளை எழுதுகிறாள். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுகிறாள். அம்மா முதலில் வெட்கப்படுகிறாள், உச்சரிப்பு வரவில்லை, மகள் பொறுமையாகத் திருத்துகிறாள். ஒரு நாள் ஓர் அலுவலகத்தில் எல்லோரும் அம்மாவைப் படிக்கத் தெரியாதவள் என்று நினைக்கும்போது, அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிக்கு அடியில் விரலை ஓட்டி, நான்கு பிரிவுகளையும் படிக்கிறாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பெருமையில் மூச்சடக்குகிறாள். கடைசி வரி: மொழி என்பது நான் என் அம்மாவுக்குத் திருப்பிக் கொடுத்த கொடை.

என் விரல், என் கண்ணாடி, நான் பக்கம் திருப்பிய விதம், எல்லாம் துல்லியமாக இருந்தன. அந்த அறையில் அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்திருந்தேன். பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

"இப்ப ஓக்கேவா? மேடம் படிச்சுட்டு அழுதுட்டாங்களாம். முதல்ல எழுதுனத விட இதுதான் பெஸ்ட்டுன்னு சொல்றாங்க."

"அட்டையெல்லாம் நீயா எழுதின?" என்று கேட்டேன்.

"அய்யோ, அது சும்மா ஒரு டீட்டெய்ல்மா. ரெண்டு பேரும் சேர்ந்துதான பண்ணினோம்." அவள் குரலில் மறைப்பு ஏதும் இல்லை. என்னைச் சமாதானப்படுத்துகிற அன்புதான் இருந்தது. "இதுல நீதான்மா ஹீரோ. உனக்காகத்தான் மாத்தினேன்."

அவள் வேலையை முடித்துவிட்டாள். மன்னிப்பும் கேட்டாயிற்று, கட்டுரையும் ஆயிற்று. இரண்டும் ஒரே தாளில். இதையும் மாற்று என்றால், நான் எதற்கும் திருப்தி அடையாதவள் ஆகிவிடுவேன். அதற்கும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்கள் இருக்கின்றன. நன்றாக இருக்கிறது என்றேன். கட்டுரை மாறியதால் உறுதிமொழியும் புதிதாகத் தேவைப்பட்டது. அந்தப் பக்கத்தை அவள் மேசைமேல் வைத்தாள். இந்த முறை யாரும் விரல் வைத்துக் காட்டவில்லை. நான்கு பிரிவுகளும் மாறவில்லை என்று பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் மாதக் கடைசியில் கல்லூரியில் இடம் கிடைத்தது. கேட்ட இடமே கிடைத்தது. அவள் அப்பா காஸ்வேயில் வண்டிக்குள் உட்கார்ந்தபடி போனில் கத்தியதில் எனக்குக் காது அடைத்தது. அந்த வெள்ளிக்கிழமை கட்டடத்தில் பழகியவர்கள் வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் போட்டேன். இரண்டாம் மாடிப் பெண்மணி மகளை உட்காரவைத்து, எப்படிக் கிடைத்தது, என்ன கேட்டார்கள், எங்கள் பையனுக்கும் சொல்லேன் என்று துருவினார். மகள் கட்டுரையைப் பற்றிச் சொன்னாள். ஆங்கிலமும் தமிழும் கலந்து, கைகளை ஆட்டி, நன்றாகச் சொன்னாள். டெய்லி நாலு மணிக்கு அம்மாவுக்கு வேர்ட்ஸ் சொல்லிக் கொடுத்தேன், ஒரு நாள் பெரிய ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் அம்மா ஃபுல்லா படிச்சாங்க என்றாள்.

இரண்டாம் மாடிப் பெண்மணி என் பக்கம் திரும்பினார். "ஏங்க, இதைச் சொல்லவே இல்லையே நீங்க. இந்தக் காலத்துல எந்தப் புள்ள பெத்தவளுக்கு உக்காந்து சொல்லிக் குடுக்குது? உங்களுக்குக் குடுத்துவச்சிருக்கு."

என் கணவர் பஜ்ஜித் தட்டோடு நின்றார். நாற்பது நாட்களில் வந்த வெள்ளிக்கிழமைகளில், நான் மேசையில் அட்டை எழுதுவதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தவர் அவர். "இல்ல, அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

நான் முந்திக்கொண்டேன். "ஆமாங்க. அவதான் சொல்லிக் குடுத்தா."

கையெழுத்துப் போட்ட பிறகு நான் எதையும் மாற்றிச் சொல்வதில்லை. அவர் என்னையே பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். காப்பாற்றிவிட்டாய் என்கிற பார்வையோ, மாட்டிக்கொண்டேன் என்கிற பார்வையோ, ஒரு கணமாவது வருமா என்று பார்த்தேன். அவள் சிரித்தபடி அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது அப்படித்தான் ஞாபகம்.